சாங்ஷன் என்றால் அனுமதியா, தடையா? சொல் அட்டையில் எதை எழுதுவது?

பொரிகடலை
வணக்கம். நவம்பரில் ஜிஆர்இ எழுதுகிறேன், வெளிநாட்டு மேற்படிப்புக்கான தேர்வு. அதன் ஆங்கிலப் பகுதியான வெர்பலுக்காகச் சொல் அட்டை போட்டுக்கொண்டு வருகையில் ‘சாங்ஷன்’ வந்ததும் கை நின்றுவிட்டது. என்னிடம் உள்ள பட்டியலில் ‘ஒப்புதல் அளி’ என்று ஒரே பொருள்தான் போட்டிருக்கிறது. செய்தியைத் திறந்தால் ஈரான் மீது சாங்ஷன்ஸ், ரஷ்யா மீது சாங்ஷன்ஸ். அங்கே அது தடை. இரண்டையும் அட்டையில் எழுதிக்கொள்ளலாம், சரி. தேர்வறையில் எந்தப் பொருள் என்று எதை வைத்து முடிவு செய்வது? உருப்போடுகிற வழி வேண்டாம். புரிகிற வழி இருந்தால் சொல்லுங்கள்.

கடைசிபெஞ்ச்
பூவா தலையா போட்டுப் பார். ஜிஆர்இயில் தப்புக்கு மைனஸ் மார்க் கிடையாது.

காசாளர்_ஓய்வு
தம்பி, என் பணிக்காலத்தில் பாதி கடன் பிரிவில்தான் போயிற்று. இந்தச் சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

வங்கியில் சாங்ஷன் என்பது வெறும் ‘சரி’ அல்ல. கிளை மேலாளருக்கு இவ்வளவு தொகை வரைக்கும்தான் அதிகாரம், அதற்கு மேலே போனால் வட்டார அலுவலகம் என்று வரம்பு இருக்கும். அந்த அதிகாரம் உள்ளவர் கையெழுத்துப் போட்டால்தான் சாங்ஷன். கடன் கேட்டு வருகிறவர்கள் சாங்ஷன் லெட்டர் கைக்கு வந்ததும் பணமே வந்த மாதிரி சந்தோஷப்படுவார்கள். அதற்கப்புறம்தான் பத்திரம், ஜாமீன், அடமானப் பதிவு எல்லாம் முடிந்து பணம் பட்டுவாடா ஆகும். ஆக, சாங்ஷன் என்பது பணம் அல்ல, அதிகாரம் உள்ள இடத்திலிருந்து வரும் சம்மதம். இதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்ததும் அமெரிக்கா நம் மீது சாங்ஷன்ஸ் போட்டது. ஆங்கிலப் பேப்பர் முழுக்க அதே பேச்சு. மேஜையில் ஒரு பக்கம் சாங்ஷனுக்குக் காத்திருக்கிற கடன் ஃபைல்கள், இன்னொரு பக்கம் அந்தப் பேப்பர். எங்கள் கிளையில் ஒருவருக்கும் குழப்பம் வரவில்லை. ஏன் என்று நான் அப்போது யோசித்ததில்லை. இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

வாய்ப்பாடு
சார் பாதி விடையைச் சொல்லிவிட்டார். மீதியை நான் சொல்கிறேன்.

குழப்பம் வராததற்குக் காரணம், அந்தச் சொல் எதன் மேல் போய் விழுகிறது என்பது இரண்டு இடத்திலும் வேறு. கடன், விடுமுறை, திட்டம், செலவு என்று ஒரு காரியத்தின் மேல் விழுந்தால் ஒப்புதல். நாடு, நிறுவனம், ஆள் என்று காரியம் செய்கிறவர் மேல் விழுந்தால் தண்டனை அல்லது தடை. ‘தி கவர்ன்மென்ட் சாங்ஷன்ட் தி டிரில்லிங்’ என்றால் துளையிடுவதற்கு அரசு அனுமதி கொடுத்தது. ‘தி கவர்ன்மென்ட் சாங்ஷன்ட் தி டிரில்லிங் கம்பெனி’ என்றால் பெரும்பாலும் அந்தக் கம்பெனி மீது நடவடிக்கை எடுத்தது. ஒரே ஒரு சொல்தான் கூடியிருக்கிறது. பொருள் நேர் எதிர்.

பெயர்ச்சொல்லாக வந்தால் பக்கத்தில் இருக்கும் சின்னச் சொற்களைப் பாருங்கள். ‘ஆன்’ அல்லது ‘அகெய்ன்ஸ்ட்’ வந்தால் தடை. ‘வித் தி சாங்ஷன் ஆஃப்’ என்று வந்தால் ஒப்புதல். ‘இம்போஸ்’ (விதி), ‘லிஃப்ட்’ (நீக்கு), ‘ஈஸ்’ (தளர்த்து) ஆகிய வினைகள் தடையோடுதான் சேரும். ஒப்புதலை யாரும் ‘இம்போஸ்’ செய்ய மாட்டார்கள்.

இப்போது, ஏன் ஒரே சொல் இரண்டு பக்கமும் பேசுகிறது? மூலம் லத்தீன் ‘சான்கிரே’. புனிதமாக்கி உறுதிப்படுத்துவது. ‘செயின்ட்’, ‘சாங்க்சுவரி’, ‘சாக்ரோசாங்ட்’ எல்லாம் அந்தக் குடும்பம்தான். ரோமானியச் சட்டங்களில் கடைசிப் பகுதிக்குப் பெயர் ‘சாங்க்டியோ’. இந்தச் சட்டத்தை மீறினால் என்ன ஆகும் என்று சொல்கிற பகுதி அது. சட்டத்துக்குப் பலம் கொடுப்பதே அந்தத் தண்டனைப் பகுதிதான். ஆகவே ‘பலம் கொடுப்பது’ என்பது நடுவில் நிற்கிற பொருள். ஒரு காரியத்துக்கு அதிகாரத்தின் பலத்தைக் கொடுத்தால் ஒப்புதல். ஒரு விதிக்கு மிரட்டலின் பலத்தைக் கொடுத்தால் தண்டனை. இரண்டு கிளையும் அந்த ஒரே இடத்தில் பிரிகின்றன.

அட்டையில் ‘ஒப்புதல் / தடை’ என்று எழுதாதீர்கள். ‘காரியத்தின் மேல் ஒப்புதல், ஆளின் மேல் தடை’ என்று எழுதுங்கள்.

பொரிகடலை
அக்கா, அருமை. ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. போன வாரம் ஒரு கட்டுரையில் ‘சாங்ஷன்ட் ஆயில்’ என்று படித்தேன். எண்ணெய் ஆள் இல்லையே? உங்கள் கணக்குப்படி அது அனுமதி பெற்ற எண்ணெய் ஆக வேண்டும். கட்டுரையிலோ நேர் எதிராக, தடையை மீறி விற்கிற எண்ணெய்.

வாய்ப்பாடு
நல்ல கேள்வி. அது ‘சாங்ஷன் போடப்பட்ட நாட்டின் எண்ணெய்’ என்பதன் சுருக்கம். ‘சாங்ஷன்ட் டேங்கர்’, ‘சாங்ஷன்ட் பேங்க்’ என்றால் பெரும்பாலும் அந்தக் கப்பல் மீதும் வங்கி மீதுமே தடை. பத்திரிகைக்காரர்கள் இப்போது நிறையப் பயன்படுத்துகிறார்கள். முழு வாக்கியத்தைப் படித்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். நான் சொன்னது நூற்றுக்கு நூறு சட்டம் அல்ல, முதல் சல்லடை.

இதற்கு நேர்மாறாக ஒன்று இருக்கிறது: ‘அன்சாங்ஷன்ட்’. அது வந்தால் யோசிக்கவே வேண்டாம், ‘அனுமதி பெறாத’ என்றுதான் பொருள். ‘ஸ்டேட் சாங்ஷன்ட் வயலன்ஸ்’ என்றால் அரசே ஒப்புதல் கொடுத்து நடக்கிற வன்முறை. அரசு தடுத்த வன்முறை என்று படித்துவிட்டு ஒரு முழு ரீடிங் பத்தியைத் தலைகீழாகப் புரிந்துகொண்ட மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கறுப்புக்கோட்டு
நீதிமன்றப் பக்கத்திலிருந்து ஒரு பொறி சொல்கிறேன்.

கோர்ட், குற்றம், அதிகாரி என்ற சொற்களுக்கு நடுவே ‘சாங்ஷன்’ வந்தால் பலரும் தண்டனை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் பெரும்பாலும் அது தப்பு. அரசு ஊழியர் மீது ஊழல் வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க, உரிய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். 1988 ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197ஆம் பிரிவும் அதே வகைதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தில் அது 218ஆம் பிரிவு. இதற்கெல்லாம் பெயர் ‘சாங்ஷன் ஃபார் ப்ராசிக்யூஷன்’. ‘சாங்ஷன் டிக்ளைன்ட்’ என்று தலைப்பு வந்தால் அதிகாரி தண்டனையிலிருந்து தப்பினார் என்று அர்த்தம் இல்லை, வழக்குப் போடவே அனுமதி கிடைக்கவில்லை. அக்கா சொன்ன சல்லடையில் போட்டுப் பாருங்கள். சாங்ஷன் விழுவது அதிகாரியின் மேல் அல்ல, வழக்குத் தொடர்வது என்ற காரியத்தின் மேல். சரியாக வடிகட்டுகிறது.

‘சாங்ஷன்ட் ஸ்ட்ரெங்த்’ என்பதும் அப்படியே. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு நீதிபதி இடங்கள் 75 என்றால், 75 பேர் இருக்கிறார்கள் என்று பொருள் அல்ல. 75 வரை வைத்துக்கொள்ள ஒப்புதல் இருக்கிறது. காலி இடம் தனிக் கதை.

அமெரிக்காவுக்குப் போனால் காற்று மாறிவிடும். அங்கே வக்கீல் வீண் மனுப் போட்டால் நீதிபதி அவரை ‘சாங்ஷன்’ செய்வார், அதாவது அபராதம். அவர்களுடைய சிவில் நடைமுறை விதிகளில் 11ஆம் விதி இதற்காகவே பேர் போனது. அதே வேலைக்கு நம் நீதிபதிகள் ‘காஸ்ட்’, அதாவது வழக்குச் செலவுத் தொகை போடுவார்கள். ஜிஆர்இ அமெரிக்கத் தேர்வு என்பதால் ‘தி அட்டார்னி வாஸ் சாங்ஷன்ட்’ என்று பார்த்தால், அவருக்கு லோன் கிடைத்தது என்று நினைத்துவிடாதீர்கள்!

கடைசிபெஞ்ச்
ஒரு சொல்லுக்கு இவ்வளவு பெரிய பஞ்சாயத்தா? மொத்த வெர்பலுமே 27 கேள்வி. அதில் கிட்டத்தட்டப் பாதி ரீடிங். இந்தச் சொல் வருமா வராதா என்றே தெரியாது. இந்த நேரத்தில் நூறு புதுச் சொல் படித்துவிடலாம்.

வாய்ப்பாடு
நூறு படிக்கலாம். படித்த நூறில் எத்தனை, வாக்கியத்துக்குள் வரும்போது கைகொடுக்கும்?

2011இல் தேர்வு மாறியபோதே எதிர்ச்சொல் கேள்வி, ஒப்புமைக் கேள்வி இரண்டையும் எடுத்துவிட்டார்கள். தனிச் சொல்லாக நிறுத்தி ‘இதற்குப் பொருள் என்ன’ என்று கேட்பது அன்றோடு முடிந்தது. இப்போது எல்லாமே வாக்கியத்துக்குள்தான். அதுவும் அரிதான சொல்லைவிட, நமக்குத் தெரியும் என்று நாம் நம்புகிற சொல்லை வைத்துத்தான் கவிழ்ப்பார்கள். ‘குவாலிஃபைட் சப்போர்ட்’ என்றால் தகுதியான ஆதரவு அல்ல, நிபந்தனை போட்ட அரைகுறை ஆதரவு. ‘ஃபிளாகிங் இன்ட்ரஸ்ட்’ என்றால் தளர்ந்துகொண்டே போகிற ஆர்வம். ‘செக்’ என்றால் சரிபார்ப்பது மட்டும் அல்ல, தடுத்து நிறுத்துவதும்தான். சாங்ஷன் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது.

சும்மா சொல்லவில்லை, நானே ஒரு கேள்வி எழுதித் தருகிறேன். சென்டன்ஸ் ஈக்விவலன்ஸ் வகை. ஆறு சொற்களில் இரண்டு எடுக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால் வாக்கியத்தின் பொருள் ஒன்றுபோல வர வேண்டும். வாக்கியத்தைத் தமிழில் தருகிறேன், விடைச் சொற்கள் ஆங்கிலம்:

மாணவர்கள் செய்த குறும்பைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாலும், டீனால் அதை வெளிப்படையாக ______ முடியவில்லை.

சாங்ஷன், டினௌன்ஸ், கௌன்டனன்ஸ், சென்ஷர், ரெப்ளிகேட், கன்சீல்

கடைசிபெஞ்ச், நீங்களே முதலில் சொல்லுங்கள்.

கடைசிபெஞ்ச்
டினௌன்ஸ், சென்ஷர். இரண்டும் கண்டிப்பது. ஜோடி கிடைத்துவிட்டது, முடிந்தது.

தேர்வுத்தேனீ
எனக்குச் சாங்ஷனும் அந்தக் கூட்டத்தில் சேர்வது மாதிரி இருக்கிறது. தண்டிப்பது, கண்டிப்பது, சாடுவது. மூன்று வந்துவிட்டதே?

வாய்ப்பாடு
இந்த இடத்துக்காகத்தான் கேள்வியை இப்படிக் கட்டினேன்.

‘சிரித்துக்கொண்டாலும்’ என்பதில் இருக்கும் ‘உம்’மைப் பாருங்கள். உள்ளே ஒன்று, வெளியே அதற்கு எதிரான ஒன்று என்று அது சொல்கிறது. உள்ளே ரசித்தார். அப்படியானால் வெளியே அவரால் முடியாமல் போனது எது? கண்டிக்க முடியவில்லை என்றால் அதில் எதிர்மாறே இல்லை. ரசித்தவர் கண்டிக்கவில்லை, அவ்வளவுதான், ‘ஆலும்’ வீணாகிவிடும். வெளியே அவரால் ஆதரிக்க முடியவில்லை என்றால்தான் வாக்கியம் நிற்கும். ஆகவே சாங்ஷன், கௌன்டனன்ஸ்.

பலருக்கு ‘கௌன்டனன்ஸ்’ என்றால் முகம் என்பது மட்டும்தான் தெரியும். வினையாக வந்தால் ‘ஏற்றுக்கொள், இடம் கொடு’. முகம் கொடுத்துப் பேசுவது என்று நாமும் சொல்கிறோம் இல்லையா, கிட்டத்தட்ட அதே ஓட்டம். சாங்ஷனைத் தடை என்று மட்டும் வைத்திருப்பவர், கௌன்டனன்ஸை முகம் என்று மட்டும் வைத்திருப்பவர், இருவரும் டினௌன்ஸ், சென்ஷர் பக்கம்தான் போய் விழுவார்கள். இரண்டில் ஒன்றைச் சரியாகப் போட்டாலும் பாதி மார்க் கிடையாது, அதையும் நினைவில் வையுங்கள்.

கடைசிபெஞ்ச்
சரி, சரி. பஞ்சாயத்து தொடரட்டும்.

தேர்வுத்தேனீ
அக்கா, நான் மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வுக்குப் படிக்கிறேன். எங்களுக்கு வாக்கியம் இல்லாமல் மொட்டையாகச் சொல்லை மட்டும் கொடுத்து சினானிம், ஆன்டனிம் கேட்பார்கள். முதல் கட்டத்தில் தப்புக்கு அரை மார்க் வெட்டு வேறு. சல்லடைக்கு இடமே இல்லையே?

வாய்ப்பாடு
உங்களுக்கு வாக்கியத்தின் வேலையை விடைகளே செய்யும். சினானிம் கேட்டு ‘அப்ரூவல்’, ‘பர்மிஷன்’, ‘ஆதரைசேஷன்’ இவற்றில் ஒன்று இருந்தால் எடுத்துவிடுங்கள். அவை எதுவும் இல்லாமல் ‘பெனால்ட்டி’ அல்லது ‘எம்பார்கோ’ மாதிரி ஒன்று இருந்தால் அது. இரண்டு வகையும் ஒரே கேள்வியில் இருந்தால் கேள்வியே கோளாறு. ஆன்டனிமுக்கு ‘ப்ரோஹிபிட்’, ‘பேன்’, ‘ப்ரோஸ்க்ரைப்’ மூன்றையும் பார்த்து வையுங்கள். கடைசிச் சொல்லில் ஒரு எழுத்தை அவசரத்தில் மாற்றிப் படித்தால் ‘ப்ரிஸ்க்ரைப்’ ஆகிவிடும். அது டாக்டர் எழுதிக் கொடுப்பது.

காசாளர்_ஓய்வு
ஒரு சந்தேகம் அம்மா. ‘அப்ரூவ்’, ‘பர்மிட்’, ‘கண்டோன்’, ‘ரேட்டிஃபை’, ‘சாங்ஷன்’ எல்லாம் ஒன்றுதானா? எங்கள் அலுவலகக் கடிதங்களில் கலந்து கட்டி அடிப்போம்.

வாய்ப்பாடு
நீங்கள் முதலில் சொன்னதே சார் இதற்கும் விடை. சாங்ஷனுக்கு அதிகாரம் உள்ள எழுவாய் வேண்டும்: சட்டம், அரசு, திருச்சபை, மரபு, நிர்வாகக் குழு. பக்கத்து வீட்டுக்காரர் பர்மிட் செய்யலாம், சாங்ஷன் செய்ய முடியாது. ‘அப்பா என் கோவா டூரை சாங்ஷன் செய்தார்’ என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதே, அப்பாவை அதிகாரியாக்கிக் கிண்டல் அடிக்கத்தான். ‘ரேட்டிஃபை’ என்பது ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தத்தை முறைப்படி உறுதி செய்வது. ‘கண்டோன்’ என்றால் தப்பு என்று தெரிந்தும் கண்டுகொள்ளாமல் விடுவது. அதில் ஒப்புதல் இல்லை, பொறுத்துப்போவதுதான் இருக்கிறது. வாக்கியத்தில் தவறு என்ற வாடை அடித்தால் கண்டோன், அலுவலக முத்திரை வாடை அடித்தால் சாங்ஷன்.

நாகர்கோவில்_நர்ஸ்
இடையில் வருவதற்கு மன்னிக்கவும் அக்கா. நான் ஐஈஎல்ட்ஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதப் போகிறேன். ரைட்டிங் டாஸ்க் 2இல் பெரிய சொல் போட்டால் பேண்ட் ஏறும் என்கிறார்கள். ‘பேரன்ட்ஸ் ஷுட் சாங்ஷன் தெய்ர் சில்ரன்’ என்று ஒரு மாதிரிக் கட்டுரையில் இருக்கிறது. இது எழுதலாமா?

வாய்ப்பாடு
வேண்டவே வேண்டாம். பெற்றோர் பிள்ளைகள் மீது தடை விதிக்க வேண்டும் என்று வந்துவிடும்! அந்தக் கட்டுரையை எழுதியவர் ‘அனுமதிக்க வேண்டும்’ என்று நினைத்து எழுதியிருப்பார். ஆளின் மேல் விழுந்துவிட்டது, பார்த்தீர்களா? ‘அலவ்’ போதும். சொல்வளத்துக்கு மதிப்பெண் தருவது உண்மை, ஆனால் சொல் இடத்துக்குப் பொருந்துகிறதா என்றும் பார்ப்பார்கள். பெரிய சொல் தப்பான இடத்தில் உட்கார்ந்தால் சின்னச் சொல்லைவிடக் கேடு.

உங்களுக்கு இந்தச் சொல் வேண்டுமென்றால், அரசு, சட்டம் பற்றிய தலைப்பில் ‘டஃபர் சாங்ஷன்ஸ் அகெய்ன்ஸ்ட் பொல்யூட்டிங் ஃபேக்டரீஸ்’ என்று எழுதுங்கள். பாதுகாப்பான இடம் அது. ‘மை லீவ் வாஸ் சாங்ஷன்ட்’, ‘லோன் சாங்ஷன் ஆயிற்று’ என்பது நம் ஊர் ஆங்கில வழக்கு. வெளிநாட்டுக்காரர்கள் அங்கே ‘அப்ரூவ்ட்’ என்றுதான் எழுதுவார்கள். பொரிகடலை, பல்கலைக்கழகத்துக்கு எஸ்ஓபி (ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்ற நோக்கக் கட்டுரை) எழுதும்போது நீங்களும் ‘அப்ரூவ்ட்’ போடுங்கள். வங்கி தரும் காகிதத்துக்கு மட்டும் ‘சாங்ஷன் லெட்டர்’ என்ற பெயரை மாற்ற வேண்டாம், அதன் பெயரே அதுதான்.

கறுப்புக்கோட்டு
ஜிஆர்இ ரீடிங்கில் கண்ணில் படக்கூடிய மூன்றாவது பொருள் ஒன்று விட்டுப்போயிற்று. தத்துவம், சமூகவியல் சம்பந்தப்பட்ட எழுத்தில் ‘மாரல் சாங்ஷன்’, ‘ரிலிஜியஸ் சாங்ஷன்’ என்று வரும். ஒரு விதியை மனிதன் மதிக்கும்படி செய்கிற சக்தி என்று பொருள். ஆங்கிலேயத் தத்துவவாதி ஜெரமி பெந்தம் இப்படி நான்கைப் பிரித்தார்: இயற்கை, சட்டம், பொதுமக்கள் அபிப்பிராயம், மதம். குடித்தால் வரும் தலைவலி இயற்கையின் சாங்ஷன். ஊர் வாய் மாரல் சாங்ஷன். இங்கே ஒருமையில் வந்தாலும் ஒப்புதல் இல்லை. ‘எஸ் இருந்தால் தடை, இல்லாவிட்டால் அனுமதி’ என்று யூடியூபில் ஒரு குறுக்குவழி சுற்றுகிறது. அது இந்த இடத்தில் படுத்துவிடும்.

வாய்ப்பாடு
நன்றி வக்கீல் சார், அதை நான் சொல்லியிருக்க வேண்டும். சரி, பயிற்சிக்கு நான்கு தருகிறேன். ஒவ்வொன்றிலும் ஒப்புதலா, தடையா, விதிக்குப் பலமா என்று சொல்லுங்கள்.

அ) இந்த வழக்கத்துக்குப் பல நூற்றாண்டுகளின் சாங்ஷன் இருக்கிறது.
ஆ) விதியை மீறுகிறவருக்குக் கிடைக்கும் ஒரே சாங்ஷன் அக்கம்பக்கத்தாரின் முகச்சுளிப்பு.
இ) சம்மேளனம் சாங்ஷன் செய்யாத போட்டியில் ஆடிய வீரர்.
ஈ) 1935இல் அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா) மீது படையெடுத்த இத்தாலிக்கு எதிராக லீக் ஆஃப் நேஷன்ஸ் கொண்டுவந்த சாங்ஷன்ஸில் எண்ணெய் சேர்க்கப்படவில்லை.

தேர்வுத்தேனீ
அ ஒப்புதல். ஆ மூன்றாவது வகை. இ ஒப்புதல், அதாவது ஒப்புதல் இல்லாத போட்டி. ஈ தடை.

பொரிகடலை
எனக்கும் அதேதான். ஆனால் ‘ஆ’வைத் தண்டனை என்று எழுதினால் தப்பா? ‘இ’யில் போட்டிக்குப் பதிலாக ‘சம்மேளனம் சாங்ஷன் செய்த வீரர்’ என்று இருந்தால் என்ன ஆகும்?

வாய்ப்பாடு
‘ஆ’வில் தண்டனை என்றாலும் சரிதான். அங்கே தண்டனைதான் விதிக்குப் பலம் கொடுக்கிறது, கோடு மெல்லியது. ‘சாங்ஷன் செய்த வீரர்’ என்றால் ஊக்கமருந்து, சூதாட்டம் மாதிரி எதிலாவது சிக்கித் தண்டிக்கப்பட்டவர் என்றுதான் படிப்பார்கள். போட்டிக்கு அனுமதி, வீரருக்குத் தண்டனை.

பொரிகடலை
அட்டை எழுதிவிட்டேன். அடுத்து ‘ஓவர்சைட்’. மேற்பார்வை என்றும் கவனக்குறைவு என்றும் போட்டிருக்கிறது. இதற்கும் இதே சல்லடை வேலை செய்யுமா?

கறுப்புக்கோட்டு
செய்யாது தம்பி. அதற்கு ‘ஒரு’ என்று பொருள் தரும் ‘ஆன்’ என்ற ஆர்ட்டிகிளைப் பாருங்கள், அக்கா சொன்ன ‘மீது’ என்கிற ‘ஆன்’ அல்ல. ‘ஆன் ஓவர்சைட்’ என்று எண்ணிச் சொல்ல முடிந்தால் கவனக்குறைவு, ஆர்ட்டிகிள் இல்லாமல் ‘ஓவர்சைட் ஆஃப் தி போர்டு’ மாதிரி வந்தால் பெரும்பாலும் மேற்பார்வை. ‘ஆன் ஓவர்சைட் கமிட்டி’ என்று வந்தால் மட்டும் அந்த ‘ஆன்’ கமிட்டியோடு சேர்ந்தது. புது இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.